குழாய் வாய்க்கு முன்னால் நின்றவர்

குரு என்றால் தாடி வேண்டும், மரத்தடி வேண்டும் என்பது பழைய நூல்களின் ஏற்பாடு. காங்கிரீட் பம்ப் ஓட்டும் யாகூபுக்கு இரண்டும் இல்லை. அவனுடைய சீடர் பூவலிங்கமோ அவனைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, ரூட் நின்றுபோனதால் பம்புக்கு வந்தவர். வயதை மதித்து குரு சீடரை "அண்ணாச்சி" என்பான். தொழிலை மதித்துச் சீடர் குருவை "மாஸ்டர்" என்பார்.

கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தளம் போடும் நாள். மேளம் முழங்கியது. பூசணிக்காய் உடைத்தாயிற்று. காங்கிரீட் லாரி வயிற்றைச் சுழற்றியபடி வாசலில் நின்றது. அன்றைக்குத்தான் யாகூப் முதன்முதலாகப் பம்பின் ரிமோட்டைப் பூவலிங்கத்தின் கையில் கொடுத்தான்.

"இன்னிக்கு லைன் உங்களுது அண்ணாச்சி. ஒழுங்கா முடிச்சிட்டா அடுத்த சைட்டுக்கு நீங்கதான் ஆபரேட்டர்."

பூவலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. பம்பிலிருந்து மேல்தளம் வரை ஏறிய இரும்புக் குழாயோடு கூடவே நடந்து, ஒவ்வொரு கிளாம்பையும் தட்டிப் பார்த்தார். குழாய்க்குள் தண்ணீர் விட்டு நனைத்தார். அத்தோடு பொறுமை தீர்ந்தது.

"மாஸ்டர், லாரி நிக்குது, மேளம் அடிக்குது. நேரா காங்கிரீட்டை விட்டா என்ன? நடுவுல எதுக்கு தண்ணியில கரைச்ச சிமெண்ட் பால்?"

யாகூப் தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தான்.

"வாயைத் திறங்க."

ஒரு பிடி பொட்டுக்கடலை மாவு உள்ளே போனது.

"இப்ப விசில் அடிங்க."

மூன்று ஊருக்குக் கேட்ட கண்டக்டர் விசில் அது. ஆனால் வந்தது விசில் இல்லை, மாவுப் புகை. கண் பிதுங்கியது. மேளக்காரர் அடிப்பதை விட்டுச் சிரித்தார். யாகூப் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"புரிஞ்சிடுச்சி," என்றார் பூவலிங்கம், குரல் திரும்பியதும். "வெறும் தண்ணி பத்தாது. பால் பூசாத குழாய் காங்கிரீட்டோட பசையைக் குடிச்சிட்டு, நடுத்தொண்டையில அடைச்சிக்கும்."

தாமே சிமெண்ட் பாலைக் கரைத்துப் பம்பின் தொட்டியில் ஊற்றினார். பின்னாலேயே லாரிக்காரர் காங்கிரீட்டைச் சரித்தார். யாகூப் கீழேயே நிற்க, பூவலிங்கம் ரிமோட்டோடு மேல்தளத்துக்கு ஓடினார்.

அங்கே குழாயின் முனையிலிருந்த ரப்பர் ஹோஸ், காலிப் பேரலுக்கு மேல் தொங்கியது. அதற்கு நேர் எதிரே, சூடத் தட்டோடு மண்டப முதலாளி சங்கரபாண்டியன். பக்கத்தில் செல்போனை உயர்த்திப் பிடித்தபடி அவர் மச்சினன்.

"விடுய்யா! முதல் காங்கிரீட் விழுறப்ப நான் சூடம் காட்டணும். ராகுகாலம் பிறக்கப்போகுது!"

"முதல்ல வர்றது காங்கிரீட் இல்ல முதலாளி, வெறும் பால். அது பேரலுக்கு. கட்டடத்துல சேராது."

"பாலா? அப்ப இன்னும் விசேஷம்!"

"குழாய்க்குள்ள காத்து மாட்டியிருக்கும். வெடிச்சு வெளிய வந்தா ஹோஸ் பாம்பு மாதிரி சுத்தி அடிக்கும். தள்ளி நில்லுங்க."

"ஒண்ணு, பம்பைப் போடு. இல்லன்னா ரிமோட்டை உன் மாஸ்டர்கிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

பூவலிங்கம் கீழே எட்டிப் பார்த்தார். குரு டப்பாவில் மிச்சமிருந்த மாவைத் தின்றுகொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

பூவலிங்கம் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"எல்லாரும் பின்னால போங்க! படிக்கட்டுக்குப் போங்க! போனாத்தான் வண்டி எடுப்பேன்!"

மனிதர்கள் விசித்திரமானவர்கள். நியாயத்துக்கு நகராதவர்கள் கண்டக்டர் குரலுக்கு நகர்ந்தார்கள். மச்சினன் நகர்ந்தான். சங்கரபாண்டியனும் தட்டோடு பின்வாங்கினார். படிக்கட்டுக்கு வந்த பிறகுதான் தாம் நகர்ந்துவிட்டது அவருக்கே தெரிந்தது.

பூவலிங்கம் எல்லாவற்றிலும் குறைந்த வேகத்தில் பம்பைப் போட்டார். கீழே அது ஒருமுறை மூச்சுவாங்கியது. குழாய் நடுங்கியது. நடுக்கம் மாடி மாடியாக ஏறி வந்தது. மேளம் நின்றுவிட்டது. ஹோஸ் சிலிர்த்தது.

ஹோஸ் ஒரு கனைப்புக் கனைத்தது. அப்புறம் சாம்பல் நிறப் பால் நல்ல பிள்ளையாகப் பேரலுக்குள் வழிந்தது. அதன் பின்னால் கெட்டியாகக் காங்கிரீட் தலைகாட்டியது. பூவலிங்கம் பம்பை நிறுத்தினார்.

அவ்வளவுதான். வெடிக்கவில்லை, சுழலவில்லை. சூடம் மட்டும் காற்றில் அணைந்துபோயிருந்தது.

"பாம்பு எங்கய்யா?" என்று படிக்கட்டிலிருந்து வெடித்தார் சங்கரபாண்டியன். "இதுக்கா என்னைய மாடிப்படியில நிறுத்துன? எங்கய்யா பாம்பு?"

மச்சினன் அதையும் படம் பிடித்தான். கொத்தனார்கள் சிரித்தார்கள். பூவலிங்கத்துக்கு முகம் சுண்டிப்போனது. கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கிக் குருவைச் செல்லில் கூப்பிட்டார்.

"மாஸ்டர், ஒண்ணுமே நடக்கலியே."

"முதலாளி திட்டுறாரா?"

"கிழி கிழின்னு கிழிக்காரு. என் மானமே போச்சு."

"அவரு குரல் எப்படி இருக்கு?"

"கணீர்னு இருக்கு. தெருமுனை வரைக்கும் கேக்கும்."

"பிறகென்ன அண்ணாச்சி, ஆளு முழுசா இருக்காருல்ல," என்றான் யாகூப். "ஹோஸைத் தளத்துப் பக்கம் திருப்பச் சொல்லுங்க."