கடலுக்கு அப்பால் கொடுத்த பெண்

உய்யவந்த செட்டியாருக்குத் தலை முழுக்க நரை. அவருடைய குருவுக்கோ இன்னும் தாடிகூடச் சரியாக முளைக்கவில்லை. ஆனாலும் அந்தச் சாமி கண்ணை மூடினால் நடுக்கடலில் திமிங்கிலம் கொட்டாவி விடுவதுகூடத் தெரியும் என்று பட்டினமே சத்தியம் செய்யும். மீன்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தத் திமிங்கிலத்துக்கு எந்தப் பல் சொத்தை என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள்.

செட்டியாரின் சரக்கெல்லாம் கிழக்கே, கடல் முடிகிற இடத்தில் இருக்கும் கிராம்புத் தீவுக்குப் போகும். இங்கிருந்து துணி, அங்கிருந்து கிராம்பு. அவ்வளவு தூரத்தில் இருப்பவனிடம் எதை நம்பி முதல் போடுவது? அதனால் அந்தக் காலத்து வழக்கப்படி பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். செட்டியார் மகள் நாச்சி, தீவு வணிகன் வீட்டுக்கு மருமகளாகப் போனாள். அவன் மகள் இவர் மகனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள்.

பிறகு இரண்டு ராஜாக்களும் சுங்கத்துக்காக முறைத்துக்கொண்டார்கள். கப்பல் நின்றது. போட்ட முதல் முழுகிற்று. நாச்சியைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

செட்டியார் சாமியின் காலில் வந்து விழுந்தார்.

"போன முதல் போகட்டும் சாமி. என் பெண் எப்படி இருக்கிறாள்? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்."

"கேட்டால் தாங்குவீர்களா, செட்டியாரே?"

"தாங்கிக்கொள்கிறேன்."

சாமி கண்ணை மூடினார்.

"நெல் குத்துகிறாள். கழுத்தில் ஒன்றும் இல்லை."

"நான் போட்டு அனுப்பிய நகையெல்லாம்?"

"கப்பல் நின்ற நஷ்டத்துக்கு ஈடு என்று கழற்றிக்கொண்டார்கள்."

செட்டியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"வாய் திறந்தால் அவள் பேச்சைப் பழித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள்" என்றார் சாமி. "இப்போதெல்லாம் அவள் பேசுவதே இல்லை."

"கட்டியவன் என்ன செய்கிறான்?"

"அவனும் சேர்ந்து சிரிக்கிறான்."

"அவனெல்லாம் ஒரு ஆம்பிளையா? மாமனார் கேட்பதில்லையா?"

"நல்ல மனுஷர். அவள் இருப்பதையே மறந்துவிட்டார்."

"பாவி. பெண்ணைப் பெற்றவன்தானே அவனும்?"

செட்டியார் மேல்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அழுது ஓய்ந்தபின் கேட்டார்:

"அவளுக்குப் பிறந்த வீட்டு நினைப்பு இருக்கிறதா, சாமி?"

"இல்லாமலா? உலக்கையைச் சாத்திவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கிழக்கே."

"கிழக்கேயா? நாம் அவளுக்கு மேற்கே அல்லவா இருக்கிறோம்?"

சாமி கண்ணைத் திறந்தார்.

"கடல் தாண்டியெல்லாம் எனக்குக் கண் தெரியாது, செட்டியாரே. காலையில் பிச்சைக்கு உங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் வந்திருந்தேன். அங்கே பார்த்ததைச் சொன்னேன்."

செட்டியார் தலையைத் தூக்கவில்லை. குனிந்தபடியே கேட்டார்:

"அப்படியானால் என் நாச்சி?"

"எனக்குத் தெரியாது. அந்த மாமனாரும் தன் பெண்ணை நினைத்து இன்று யாரிடமாவது போய் அழுதிருந்தால்தான் உங்கள் நாச்சி அவர் கண்ணில் படுவாள்."