நடுவில் இருந்தவர்

ராஜா நினைத்ததெல்லாம் அன்றைக்கே சட்டமாகிவிடும் முன்னொரு காலத்தில், செங்கதிர்மாறன் என்று ஓர் அரசன் இருந்தான். நல்லவன்தான். ஆனால் ஒரு கேள்வி மனத்தில் புகுந்துவிட்டால், விடை கிடைக்கும்வரை தானும் தூங்கமாட்டான், ஊரையும் தூங்கவிடமாட்டான்.

ஒருமுறை அவனுடைய அரசி செங்கமலம் விஷக்காய்ச்சலில் விழுந்தாள். பிழைப்பது அரிது என்று எல்லாரும் கைவிட்ட பிறகு, மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். அவளைப் பிழைக்க வைத்தது யார் என்பதுதான் அரசனைப் பிடித்துக்கொண்ட கேள்வி. எல்லாம் ஆண்டவன் அருள் என்றார் ஈசான குருக்கள். ஆண்டவன் என்று ஒருவர் இல்லவே இல்லை, கஷாயம்தான் வேலை செய்தது என்றார் அரண்மனை வைத்தியர் ஆதனார். சபையில் சிலர் குருக்களோடும் சிலர் வைத்தியரோடும் சேர்ந்துகொண்டு வாய்க்கு வந்தபடி ஏசத் தொடங்கினார்கள்.

அரசன் பொறுமை இழந்தான். மறுநாள் காலை சபையில், கடவுள் உண்டு என்பவர்கள் வலப்பக்கமும் இல்லை என்பவர்கள் இடப்பக்கமும் நிற்க வேண்டும், ஆள் குறைந்த பக்கத்தார் நாட்டை விட்டே போய்விட வேண்டும் என்று ஆணையிட்டான்.

அதைக் கேட்டு உள்ளுக்குள் குளிர்ந்தவர் சபைப் புலவர் விருத்தகீர்த்தி. அவருக்கு விகடகவி முத்தாண்டியைக் கண்டாலே ஆகாது. தான் நூறு பாட்டுப் பாடினாலும் அசையாத அரசன், முத்தாண்டி வாயைத் திறந்தாலே சிரிக்கிறானே என்ற எரிச்சல். குருக்கள், வைத்தியர் இருவருக்கும் வேண்டியவனான முத்தாண்டி எந்தப் பக்கமும் போய் நிற்கமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். அதனால் பணிவாக எழுந்து, இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் இருப்பவர் யாராயினும் அவரே முதலில் வெளியேற வேண்டும் என்று ஆணையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அரசனும் சரியென்று முத்திரை வைத்துவிட்டான்.

முத்தாண்டிக்கு அன்று சோறு இறங்கவில்லை. தன்னைப் பற்றிய கவலையைவிட குருக்களையும் வைத்தியரையும் பற்றிய கவலைதான் அவனுக்குப் பெரிதாக இருந்தது. அரசி நோயில் கிடந்தபோது அவன் அங்கேயே இருந்தவன். பதிகம் பாடிப் பாடிக் குருக்களின் தொண்டை கட்டியதும் சுக்கும் தேனும் குழைத்துக் கொடுத்தவர் வைத்தியர். வைத்தியர் அசதியில் கண்ணயர்ந்தபோது, கஷாய அடுப்பு அணையாமல் ஊதிக்கொண்டிருந்தவர் குருக்கள். அதையெல்லாம் கண்ணால் பார்த்திருந்தான்.

அவன் இருவர் வீட்டுக்கும் போனான். கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று கேட்டான்.

"இல்லாததை உண்டு என்று சொன்னால்தான் இந்த ஊரில் இருக்கலாம் என்றால், எனக்கு இந்த ஊர் வேண்டாம், முத்தாண்டி" என்றார் வைத்தியர். மூலிகைப் பைகளை அப்போதே கட்டி வைத்திருந்தார்.

குருக்களின் கண்கள் கலங்கியிருந்தன. "அவர் போகக் கூடாதப்பா. அதற்காக நான் இடப்பக்கம் போய் நிற்க முடியுமா, சொல்லு."

முடியாது என்று முத்தாண்டிக்கும் பட்டது. இருவருமே பொய் சொல்லாதவர்கள். அவர்களைப் பொய் சொல்லச் சொல்லித் தான் கேட்டது தவறு என்று எண்ணியபடியே திரும்பினான்.

மறுநாள் காலை சபை வலமும் இடமுமாகப் பிரிந்து நின்றது. வைத்தியர் பக்கத்தில் ஆள் குறைவு. அரண்மனை வாசலில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய முத்தாண்டி, நேராக உள்ளே வந்து இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றான்.

விருத்தகீர்த்தி துள்ளிக் குதித்தார். "அரசே, இதோ நடுவில் இருப்பவர். வண்டியோடுதான் வந்திருக்கிறார்."

"ஆமாம் அரசே, ஆணைப்படி வண்டி தயார்" என்றான் முத்தாண்டி. "பட்டுத் தலையணை, வெற்றிலைப் பெட்டி, வெண்கொற்றக் குடை எல்லாம் ஏற்றியாகிவிட்டது."

அரசன் புருவத்தை உயர்த்தினான். "வெண்கொற்றக் குடை உனக்கு எதற்கு?"

"எனக்கு இல்லை, அரசே. நான் இப்போதுதான் உள்ளே வந்தேன். எனக்கு முன்பே, விடிந்ததிலிருந்து ஒருவர் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அவரை முந்திக்கொண்டு நான் வண்டி ஏறுவது மரியாதையாகுமா?"

சபை முழுவதும் அரியணையைப் பார்த்தது. அது வலத்துக்கும் இடத்துக்கும் சரியாக நடுவில் இருந்தது.

அரசன் முகம் சிவந்தது. "நான் இப்போதே எழுந்து வலப்பக்கம் போய் நின்றால் என்ன செய்வாய்?"

முத்தாண்டி கைகூப்பினான். "போகலாம், அரசே. ஆனால் இடப்பக்கம் நிற்பவர்கள் கடவுள் இல்லை என்றுதான் சொன்னார்கள். தாங்கள் போய்விட்டால் அவர்களுக்கு ராஜாவும் இல்லை என்று ஆகிவிடும். இடப்பக்கம் போனாலோ, வலப்பக்கத்தாருக்குக் கடவுள் மட்டும்தான் மிச்சம். அந்த நடு இடம் காலியாகக் கூடாது என்றுதான் தங்கள் முன்னோர் அரியணையை அங்கே போட்டார்கள்."

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து, இன்னும் தெம்பு வராத குரலில் அரசி சொன்னாள்: "நான் நெருப்பாய்க் கொதித்துக் கிடந்தபோது ஒருவர் என் தலையைத் தூக்கி மருந்து கொடுத்தார். ஒருவர் காதருகே பாடிக்கொண்டிருந்தார். நான் இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். இதில் எதை விடச் சொல்கிறீர்கள்?"

அரசன் சற்று நேரம் அரியணையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு வாசலில் நின்ற வண்டியையும், தலையணைமேல் சாய்த்து வைத்திருந்த குடையையும் எட்டிப் பார்த்தான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணீர் வருமளவு சிரித்தான். ஆணையைக் கிழித்துப் போடச் சொன்னான். தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி முத்தாண்டிக்குத் தன் கையாலேயே அணிவித்தான். வண்டியில் ஏற்றிய சாமான்களைத் திரும்ப இறக்கிவைக்கும் வேலை, ஆணைக்கு வரி சேர்த்துக் கொடுத்த விருத்தகீர்த்திக்குக் கிடைத்தது.

சபை கலைந்ததும் குருக்களும் வைத்தியரும் ஒன்றாகவே படியிறங்கினார்கள். குருக்களுக்குக் கண் சரியாகத் தெரியாது. வைத்தியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உண்டு என்றார் ஒருவர், இல்லை என்றார் மற்றவர். தெருமுனை திரும்பும்வரை முத்தாண்டிக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த நாட்டில் அதற்குப் பிறகும் அந்த வாதம் ஓயவில்லை. அதற்காக யாரும் ஊரைவிட்டுப் போகவும் இல்லை.