முப்பத்தேழு பங்காளிகளும் ஒரு தீட்டும்

முன்னொரு காலத்தில், அதாவது யுத்தம் இல்லாத நாட்களில் ராஜாக்களுக்குப் பொழுது போகாமல் இருந்த காலத்தில், கடலோரமாக ஒரு ராஜ்யம் இருந்தது. அந்த ராஜாவுக்கு ஒரு நாள் திடீரென்று முன்னோர்கள் தேவைப்பட்டார்கள்.

எல்லாம் பக்கத்து நாட்டு ராஜாவால் வந்த வினை. விருந்துக்கு வந்தவர் சும்மா சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். கூடவே ஒரு புலவரை அழைத்து வந்தார். அந்தப் புலவர் பாயசம் வருவதற்குள் தன் ராஜாவின் முன்னோர்கள் அறுபத்து நான்கு பேரை மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

"தங்கள் வம்சம்?" என்று கேட்டார் விருந்தாளி.

நம் ராஜா அப்பா பெயரைச் சொன்னார். தாத்தா பெயரைச் சொன்னார். அப்புறம், பாயசம் பிரமாதம் என்றார்.

மறுநாள் காலையில் முரசு அதிர்ந்தது. "மகாராஜாவின் பங்காளி என்று ஆதாரத்தோடு நிரூபிப்பவருக்குப் பட்டு அங்கவஸ்திரம்! சபையில் முதல் வரிசை ஆசனம்! பொய் சொல்லிப் பிடிபட்டால் நாடு கடத்தல்!"

அதுவரை ராஜாவுக்குப் பங்காளி என்று ஒருவரும் இருந்ததில்லை. அன்று மாலைக்குள் முப்பத்தேழு பேர் ஆகிவிட்டார்கள். அத்தனை பேரும் அரண்மனை அதிகாரிகள். முதல் ஆள் அமைச்சர் சாமந்தராயர்.

முப்பத்தேழு ஓலைச் சுவடிகள் ராஜாவின் முன் குவிந்தன. அரசவை விகடகவி பிச்சாண்டி ஒன்றை எடுத்துப் புரட்டினான். இன்னொன்றையும் புரட்டினான். விரலைப் பார்த்தான். கறுப்பாக இருந்தது.

"நூறு வருஷத்துச் சுவடி என்கிறீர்கள். மை கையில் ஒட்டுகிறதே?"

"பழைய சுவடி செல்லரித்துவிட்டது. புதிதாகப் பிரதி எடுத்தோம்" என்றார் சாமந்தராயர்.

"எல்லாம் ஒரே கையெழுத்து. ஒரே கதை. மகாராஜா, இவை முப்பத்தேழு சாட்சிகள் அல்ல. ஒரே சாட்சி முப்பத்தேழு தடவை வந்து நிற்கிறது."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாமந்தராயரின் முகம் சிவந்தது.

"மகாராஜா! தங்கள் தாத்தாவின் உடன்பிறந்த தம்பி ஆதிவீர மார்த்தாண்டர் நேரில் சொன்னதையே எழுதியிருக்கிறோம். வயது நூற்று நான்கு. கரடிமலை உச்சியில் குகையில் தவம் செய்கிறார். அறுபது வருஷமாக மலையை விட்டு இறங்கியதில்லை. நாங்கள் அவருடைய பேரன்மார். சத்தியம்!"

முப்பத்தாறு குரல்கள் "சத்தியம்!" என்றன.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு சலசலப்பு. காவலாளியின் ஈட்டிக்கு அடியில் குனிந்து ஒரு பெண் உள்ளே வந்தாள். கால் பாதமெல்லாம் உப்புப் பூத்து வெளுத்திருந்தது.

"எம் பேரு செங்கமலம், ராசா. உப்பளத்துக்காரி. எனக்குப் பட்டும் வேணாம், பலகையும் வேணாம். எம் மக கல்யாணம் நின்னு கெடக்கு. பங்காளி யாருன்னே தெரியாத வீட்டுல எப்படிப் பொண்ணெடுக்கிறதுன்னு மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்க. 'ஆமா, எங்க வீட்டுப் பொண்ணுதான்'னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நான் ஏன் சொல்ல வேண்டும்?" என்றார் ராஜா திகைத்துப்போய்.

"எங்க மாமனாரு உங்க அப்பாவுக்குக் கூடப்பொறந்த தம்பி. உப்பளத்துப் பொண்ணக் கட்டுனாருன்னு அரமனையில பேரையே அழிச்சுட்டாங்க. இருபத்திரண்டு வருசத்துக்கு முன்ன, மாசி மகத்தன்னிக்குச் செத்துப்போனாரு. அரமனைக்கு ஆள் விட்டோம். ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. எம் புருசனும் போய் நாலு வருசமாச்சு."

சாமந்தராயர் ஏளனமாகக் கேட்டார். "உன் மாமனாரின் பெயர்?"

செங்கமலம் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் எப்படிச் சொல்லுவேன்?"

"பார்த்தீர்களா மகாராஜா! பெயர்கூடத் தெரியவில்லை!"

"தெரியாதவளாக இருந்தால் வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லியிருப்பாள், அமைச்சரே" என்றான் பிச்சாண்டி. "தெரிந்ததால்தான் சொல்லவில்லை. தங்கள் வீட்டு அம்மாள் தங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாரா?"

"அந்த அம்மாள் இவரைக் கூப்பிடும் பெயர்களைச் சபையில் சொல்ல முடியாது" என்றார் ராஜா. ராணியின் தோழி அவள்.

சபை சிரித்தது. சாமந்தராயர் சிரிக்கவில்லை. பிச்சாண்டியை ஒழித்துக்கட்ட ஐந்து வருஷமாக அவர் தேடிய சந்தர்ப்பம் இதோ, கைக்கெட்டும் தூரத்தில்.

"மகாராஜா, இவளுக்காகப் பிச்சாண்டி இத்தனை பரிந்து பேசுகிறானே! அவனே கரடிமலைக்குப் போகட்டும். பெரியவரைப் பத்து நாளில் சபைக்கு அழைத்து வரட்டும். அவர் சொல்லட்டும், யார் பங்காளி என்று. அழைத்து வராவிட்டால் இவள் பேச்சு பொய். இவளும் மகளும் நாடு கடத்தல். கூடவே பிச்சாண்டியும்."

ராஜாவுக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. செங்கமலத்தின் முகத்தில் ரத்தமே இல்லை.

"பயப்படாதே அம்மா" என்றான் பிச்சாண்டி மெதுவாக. "வீட்டுக்குப் போ. போகும் முன் ஒன்று சொல்லு. உங்கள் ஊரில் நல்ல ஞாபகசக்தி யாருக்கு?"

"எதுக்கு சாமி?"

"யார் ரொம்பக் கோபக்காரர் என்று சொன்னாலும் சரி. கோபக்காரர்கள் எதையும் மறப்பதில்லை."

பத்தாம் நாள். சபை நிறைந்திருந்தது. சாமந்தராயர் புத்தம் புது வேட்டியில் பளபளத்தார். நாளை மறுநாள் அவர் மகனுக்குக் கல்யாணம். அரண்மனை வாசல் வரை பந்தல் நீண்டிருந்தது.

திடீரென்று வாசலில் ஓலம்.

ஈர வேட்டி, கலைந்த தலை. பிச்சாண்டி மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான். "மகாராஜா! மோசம் போனோம்! பெரியவர் போய்விட்டார்!"

"யார்?" என்றார் ராஜா.

"தங்கள் சின்னத் தாத்தா! ஆதிவீர மார்த்தாண்டர்!"

சாமந்தராயர் துள்ளி எழுந்தார். "பொய்! உடலைப் பார்த்தாயா?"

"குகை குகையாகப் புகுந்து பார்த்தேன். நான்கு கரடிகள் இருந்தன. விசாரித்தேன், சரியான பதில் வரவில்லை. விறகு வெட்டுபவர்கள், தேன் எடுப்பவர்கள், ஒருவரை விடாமல் கேட்டேன். உயிரோடு அப்படி ஒருவர் அந்த மலையில் இல்லை. அறுபது வருஷமாக அவர் மலையை விட்டு இறங்கியதும் இல்லை. தாங்களே செய்த சத்தியம். இருந்தவர், இறங்காதவர், இப்போது இல்லாதவர். இதற்கு வேறு என்ன அர்த்தம் அமைச்சரே? அல்லது அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்கிறீர்களா?"

சாமந்தராயர் மற்ற முப்பத்தாறு பேரையும் திரும்பிப் பார்த்தார்.

"ஆகவே, பங்காளிகளுக்கெல்லாம் கேட்ட நாழிகையிலிருந்து பதினாறு நாள் தீட்டு" என்றான் பிச்சாண்டி. "மொட்டை, மீசை மழிப்பு, தரையில் படுக்கை, உப்பில்லாச் சோறு. வீட்டில் நல்ல காரியம் கூடாது. ஐயா, உள்ளே வாருங்கள்!"

பன்னிரண்டு நாவிதர்கள் வரிசையாக நுழைந்து கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார்கள். சரக், சரக் என்று சபை முழுக்கச் சத்தம்.

ராஜாவின் கை தானாக மீசைக்குப் போனது. "எனக்குமா?"

"சுவடி உண்மையானால் தாங்கள்தான் முதலில், மகாராஜா."

தளபதி உக்கிரசேனரின் மீசை ஒரு முழ நீளம். அதைப் பார்த்தே எதிரிகள் ஓடுவார்கள் என்று பேச்சு. அவர் இரண்டு கைகளாலும் அதை மூடிக்கொண்டு எழுந்தார். "எனக்கு எந்த மார்த்தாண்டரையும் தெரியாது! நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன்!"

"ஒருவர் குறைந்தார்" என்றான் பிச்சாண்டி. "அமைச்சரே, நாளை மறுநாள் கல்யாணத்தை நிறுத்த ஆள் அனுப்பட்டுமா?"

சாமந்தராயர் குரலைத் தாழ்த்தினார். "வந்து... நாங்கள் அவ்வளவு நெருங்கிய பங்காளி இல்லை. மூன்று நாள் தீட்டுக் காத்தால் போதும்."

"மூன்று நாள் கட்டிக்கொடுத்த பெண்களுக்கு. தாங்கள் கட்டிக்கொடுத்த பெண்ணா?"

"ஒரு நாள்..."

"பந்தக்கால் நட்ட வீட்டில் தீட்டே கூடாதே. ஒரு நாள் தீட்டானாலும் தீட்டுத்தான்."

"தலை முழுகிவிட்டால்..."

"தலை முழுகுவது அக்கம்பக்கத்தார், அமைச்சரே. பத்து நாளைக்கு முன் பேரன். இப்போது பக்கத்து வீடா?"

நாவிதர் ஒருவர் கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டு அமைச்சரின் உச்சந்தலையில் வைத்தார்.

"இல்லை!" என்று அலறினார் சாமந்தராயர். "எனக்கு உறவே இல்லை! அப்படி ஒரு கிழவனே இல்லை!"

அதற்குள் சபையின் நாலாபக்கமும் "எனக்கும் இல்லை", "எனக்கும் இல்லை". முப்பத்தேழு பங்காளிகளும் கரைந்து போனார்கள்.

ஆனால் சாமந்தராயர் அத்தனை சுலபமாக விழுகிற ஆள் இல்லை. தலையில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சரி. நாங்கள் ஆசையில் தப்புச் செய்தோம். ஆனால் மகாராஜா, பெரியவர் இல்லை என்றால் இந்த உப்பளத்துக்காரிக்கும் சாட்சி இல்லை! நாங்கள் பொய் என்பதால் இவள் நிஜமாகிவிடுவாளா?"

ராஜா யோசித்தார். "அது நியாயமான கேள்வி, பிச்சாண்டி."

தூண் ஓரமாக நின்ற செங்கமலம் மகள் வடிவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நியாயம்தான்" என்றான் பிச்சாண்டி. "பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தங்கள் தந்தை, பெரிய மகாராஜா காலமானார். அப்போது இந்தப் பெண்ணின் புருஷன் என்ன செய்தான் என்று கேட்போம். அன்று பட்டும் இல்லை, ஆசனமும் இல்லை. நடிப்பதால் ஒரு லாபமும் இல்லை."

உப்பளத்து நாவிதர் குப்பாண்டி கத்தியை உறையில் போட்டுவிட்டு முன்னால் வந்தார். செங்கமலம் சொன்ன கோபக்காரர்களில் ஒருவர்.

"மொட்டை அடிக்கச் சொன்னான் சாமி. எவன்டா செத்தான்னு கேட்டேன். பெரியப்பான்னான். உனக்கு ஏதுடா பெரியப்பான்னேன். கோட்டையப் பாத்துக் கையக் காட்டினான். என்னக் கிறுக்கனாக்குறியான்னு சண்டை போட்டேன். அன்னிலேருந்து பேச்சு வார்த்தை இல்ல."

அடுத்தவர் வெளியூர் நகை ஆசாரி. "இந்தப் புள்ளைக்குக் காது குத்தணும்னு வரச் சொன்னாங்க. நாலு காதம் நடந்து போனா, தீட்டு, பதினாறு நாள் கழிச்சு வான்னு வாசலோட அனுப்பினாங்க. ஒரு வாய் மோர்கூடக் குடுக்கல. எப்படிங்க மறக்கும்?"

"இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் இன்றுதான் பார்க்கிறார்கள்" என்றான் பிச்சாண்டி. "ஆளுக்கொரு கோபம். யாரும் யாரையும் பார்த்துப் பிரதி எடுக்கவில்லை."

"ராஜா இறந்தால் நாடே துக்கம் காக்கும்! இதில் என்ன அதிசயம்?" என்றார் சாமந்தராயர்.

"முரசு சொன்னது மூன்று நாள். நான்காம் நாள் தங்கள் வீட்டில் கோழிக்குழம்பு வாசனை தெருக்கோடி வரை வந்தது. இவன் பதினாறு நாள் இருந்தான்."

"அது அவன் தன்னை அப்படி நினைத்துக்கொண்டான் என்பதற்குத்தான் ஆதாரம்! அரண்மனை அப்படி நினைத்ததா?"

பிச்சாண்டி ராஜாவின் பக்கம் திரும்பினான். முதல் தடவையாக அவன் குரலில் கேலி இல்லை.

"மகாராஜா, தங்களுக்கு இளவரசுப் பட்டம் மாசி மகத்துக்கு மூன்றாம் நாள் கட்டுவதாக இருந்தது என்று கோயில் சுவடியில் இருக்கிறது. கட்டியதோ பங்குனியில். ஏன்?"

ராஜா புருவத்தைச் சுருக்கினார். "அப்பா நிறுத்திவிட்டார். காரணம் சொல்லவில்லை. எனக்குப் பதினாறு வயது. அழுதேன்." அவர் கை மீசையைத் தடவியது. "அப்பா மீசையை எடுத்துவிட்டார். தரையில் படுத்தார். கேட்டதற்கு ஏதோ விரதம் என்றார்."

"எத்தனை நாள்?"

"பதினாறு." ராஜாவின் குரல் தணிந்தது. "அப்படியானால் அது... இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்."



"இவள் அந்த நாளை முதல் நாளே சொன்னாள், எல்லோர் முன்னிலும்" என்றான் பிச்சாண்டி. "தங்களுக்கே தெரியாத காரணம் இவளுக்கு யார் சொல்லியிருக்க முடியும்? தம்பியின் பெயரைப் பெரிய மகாராஜாவால் சுவடியிலிருந்து அழிக்க முடிந்தது. தீட்டை அழிக்க முடியவில்லை."

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கினார். உப்புப் பூத்த அந்தக் கால்களுக்கு முன்னால் போய் நின்றார்.

"கல்யாணம் எப்போது அம்மா?"

"நீங்க சொல்றப்போ, ராசா."

"ராஜா என்ன ராஜா! உன் புருஷனுக்கு நான் அண்ணன். வடிவுக்குப் பெரியப்பா. அப்பன் இல்லாத பெண்ணை நான்தான் தாரை வார்த்துக் கொடுப்பேன்."

செங்கமலம் வாய்விட்டு அழுதாள். வடிவு, "யம்மா, அழாத, எல்லாரும் பாக்குறாங்க" என்று சொல்லிக்கொண்டே தானும் அழுதாள்.

ராஜா திரும்பினார். முப்பத்தேழு பேரும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள்.

"நாடு கடத்தலா, மகாராஜா?" என்றான் பிச்சாண்டி. "இத்தனை பேரையும் அனுப்பினால் அரண்மனையில் தாங்களும் நானும் வாசல் காவலாளியும்தான் மிச்சம்."

ராஜா ஒரு கணம் யோசித்தார். "ஆதிவீர மார்த்தாண்டரைப் பெற்றெடுத்தது இவர்கள்தானே? அப்படியானால் இவர்களே காரியம் செய்யட்டும். பதினாறு நாள், உப்பில்லாச் சோறு. அமைச்சரே, தங்கள் மகன் பாவம், கல்யாணம் நடக்கட்டும். சம்பந்தியை மட்டும் மொட்டைத் தலையோடு வரவேற்று அனுப்பிவிட்டுத் தரையில் போய்ப் படுங்கள்."

தளபதி உக்கிரசேனர் மயங்கி விழுந்தார். நாவிதருக்கு அது சௌகரியமாகப் போயிற்று.

பதினாறு நாள் கழிந்ததும் உப்பளத்தில் கல்யாணம். பெண்ணின் பெரியப்பா யானையில் வந்து இறங்கியதைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் உட்காரவே மறந்துவிட்டார்கள். தாரை வார்த்து முடித்த கையோடு ராஜா பிச்சாண்டியைக் கூப்பிட்டார்.

"கேள், என்ன வேண்டும்? உன்னையும் என் பங்காளி என்று எழுதிவிடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் மகாராஜா! பங்காளி என்றால் சண்டை போட வேண்டும். மச்சான் என்றால் கேலி செய்யலாம். மச்சான் என்றே எழுதிவிடுங்கள்."

பக்கத்தில் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டிருந்த சாமந்தராயருக்குப் பொறுக்கவில்லை. "மச்சான் என்பதற்கு என்ன ஆதாரம்?"

"பதினைந்து வருஷமாக மகாராஜாவை நித்தம் கேலி செய்கிறேன். தலை இன்னும் கழுத்தில்தான் இருக்கிறது. மச்சான் இல்லாத ஒருவனுக்கு இது நடக்குமா, அமைச்சரே?"

ராஜா சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளையின் தலைப்பாகை சரிந்தது. சிரித்துக்கொண்டே தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி, "இந்தாரும் மச்சான்!" என்று பிச்சாண்டியின் கழுத்தில் போட்டார்.