ஆள்காட்டி பிரித்த மூன்று காலம்

பறவையும் விலங்கும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், எல்லாரும் எதற்கும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். நேத்து வேடன் வர்றான், இப்போ வேடன் வர்றான், நாளைக்கு வேடன் வர்றான். அதற்குமேல் யாரும் மெனக்கெடவில்லை.

தண்ணீர் வற்றிய ஏரிப் பொட்டலில் ஓர் ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருந்தது. ஊர்க்கதை பேசாவிட்டால் அதற்கு இரையே இறங்காது. ஒருநாள் கொக்கிடம், "நேத்து கரைமேல வேடன் வர்றான்" என்று அளந்தது. முன்பாதியைக் காற்று கொண்டுபோயிற்று. பின்பாதி மட்டும் மான்கூட்டத்தின் காதில் விழுந்தது. அவ்வளவுதான், தலைதெறிக்க ஓடின. ஓடிய வழியில் நாலு முட்டையும் நொறுங்கிப் போயின.

ஆள்காட்டி மண்ணில் புரண்டு அழுதது. மான்களைத் திட்டிப் பார்த்தும் மனசு ஆறவில்லை. மிதித்தது மான்தான், ஆனால் மிதிக்க வைத்தது தன் வாயல்லவா!

மறுபடி நாலு முட்டை இட்டதும் நேரே கலைமானிடம் போய் நின்றது.

"அண்ணே, இனிமே நேத்துன்னா வந்தான். நாளைக்குன்னா வருவான். என் கண்ணு அவனைப் பார்க்கிறப்போ மட்டுந்தான் வர்றான். அதைக் கேட்டா மட்டும் ஓடுங்க."

"உன் வாய் சும்மா இருக்குமா?" என்று கலைமான் சிரித்தது.

"இந்த முட்டைங்க மேல சத்தியம். பார்க்காமலே வர்றான்னு சொன்னா நீங்களே மிதிச்சிட்டுப் போங்க."

மறுநாள் மான்களைச் சோதித்துப் பார்க்க அது வேண்டுமென்றே உரக்கக் கத்தியது: "நேத்து வேடன் வந்தான்!"

மான்கள் காதை விடைத்தன. கலைமான் ஒரு காலைத் தூக்கியது. ஆள்காட்டி முட்டைகள்மேல் சிறகை விரித்து மூடிக்கொண்டது. கலைமான் கொஞ்சம் யோசித்து, காலைக் கீழே வைத்துப் புல்லைக் கடித்தது.

மூன்றாம் நாள் வேடன் மெய்யாகவே வந்தான். முட்டைகள் கிடந்த பக்கமாகவே, வில்லும் கையுமாகப் பதுங்கிப் பதுங்கி வந்தான். ஆள்காட்டி அவன் தலைக்குமேல் எழும்பி அலறியது.

"வர்றான்! வர்றான்! வர்றான்!"

ஒரு மான்கூடச் சந்தேகப்படவில்லை. சத்தம் வந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டி, எதிர்க்கரை ஏறி மறைந்தன. வேடன் கையைப் பிசைந்துகொண்டு வந்த வழியே திரும்பினான். நாலு முட்டையும் முழுசாக இருந்தன. ஆள்காட்டி அவற்றைச் சுற்றிச் சுற்றி ஆடித் தீர்த்தது.

எதிர்க்கரையிலிருந்து கலைமான் கூவியது: "வேடன் வந்தான்! ஏமாந்து போனான்!"

அன்று முதல்தான் பேசத் தெரிந்தவர்கள் எல்லாரும் நேற்றையும் இன்றையும் நாளையையும் தனித்தனியாகப் பேசுகிறார்கள். ஆள்காட்டியோ இன்றுவரை ஆளைக் கண்ணால் கண்டால்தான் கத்துகிறது, அது கத்தினால் காடே நம்புகிறது.