பாதி விலை ட்ரில்லிங் மிஷினும் நாலாவது மூலையும்

ஒரு ஊர்ல ஒரு அப்பா இருந்தான். தான் ரொம்பக் கெட்டிக்காரன்னு அவனுக்கு ஒரு நெனப்பு.

"அது நீதானே?"

குறுக்க பேசக் கூடாது கோதை. இது வேற அப்பா. நீ "ம்" மட்டும் கொட்டு.

"ம்."

அந்த அப்பாவுக்கு ஒரு பொண்ணு. ராத்திரியானா போதும், ஞொய்ய்ய்ங்குனு கொசு வந்து அவளைப் பிடுங்கி எடுத்துரும். காலெல்லாம் தடிப்பு தடிப்பா வீங்கி, சொறிஞ்சு சொறிஞ்சு புள்ள தூங்கவே மாட்டா. அதைப் பாக்க அப்பாவுக்கு மனசு கேக்கல. கொசுவலை வாங்கிட்டு வந்தான். வலை கட்ட நாலு மூலையிலயும் கொக்கி வேணுமே? அதுவோ வாடகை வீடு. கீழ் வீட்டுல இருக்கிற ஹவுஸ் ஓனர் வைத்தியலிங்கம் தாத்தா, குடிவந்த அன்னைக்கே கறாரா சொல்லிட்டார். "தம்பி, சுவத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாது. காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியிலதான் மாட்டணும்."

"ம்."

அப்போ ஒரு நாள், ஹார்ட்வேர் கடையில அப்பா ஒண்ணைப் பாத்தான். வயரே இல்லாத ட்ரில்லிங் மிஷின்! பாதி விலை! கையில எடுத்து அமுக்கினான். டுர்ர்ர்ர்ர்! அவ்ளோதான், ஊர்ல இருக்கிற சுவரெல்லாம் தன்னைப் பாத்து நடுங்குதுன்னு நெனச்சுக்கிட்டான்.

"ஏன் பாதி விலை?"

அப்பாவும் அதைத்தான் கேட்டான். "இந்த மாடலை கம்பெனியில நிறுத்திட்டாங்க சார். பேட்டரி போச்சுன்னா வேற கிடைக்காது. கடைசி பீஸ்"னார் கடைக்காரர். யோசிச்சு சொல்றேன்னு வந்துட்டான்.

வீட்டுல அம்மா கேட்டா, "மிஷினை வாங்கி எங்க ஓட்டை போடுவீங்க? உங்க தலையிலயா?"

அதுக்கு அப்பா என்ன சொன்னான் தெரியுமா? "ஆணி அடிக்கக் கூடாதுன்னுதானே ஓனர் சொன்னார்? ஓட்டை போடக் கூடாதுன்னு சொல்லலையே!" எப்பேர்ப்பட்ட மூளை பாரு!

அப்புறம் ரெண்டாவது தடவை போனான். டுர்ர்ர்ர்! பேட்டரி போயிட்டா என்ன பண்றதுன்னு மறுபடி ஒரு யோசனை. திரும்பி வந்து, போன்ல ட்ரில்லிங் மிஷின் வீடியோவாப் பாத்துத் தள்ளினான். அந்தப் பக்கம் புள்ள சொறக் சொறக்னு சொறியுறா, இந்தப் பக்கம் இவன் வீடியோ பாக்குறான். லூசுப் பய.

"ம்... ம்."

அப்புறம் மூணாவது தடவை. குளிச்சு, திருநீறு பூசி, கையில பையோட போனான். மிஷின் இல்ல! "இப்பதான் சார் ஒரு பெரியவர் வாங்கிட்டுப் போனார்." அப்பா மூஞ்சி தொங்கிப்போச்சு.

வீட்டுக்கு வந்தா, கீழ் வீட்டுல டுர்ர்ர்ர்னு சத்தம். கொஞ்ச நேரத்துல வைத்தியலிங்கம் தாத்தா மேல வர்றார். கையில அதே மிஷின்!

"தம்பி, எங்கயோ கொக்கி போடணும்னு உங்க வீட்டம்மா சொன்னாங்களே, போட்டுருவோமா?"

"சுவத்துல..."ன்னு இழுத்தான் அப்பா.

"நம்ம சுவர்தானே தம்பி! கீழ போட்ட ஓட்டை போதும்னு எங்க வீட்டுல விரட்டிட்டா."

அப்பாவுக்கு வயிறு எரிஞ்சுது. "சார், ஒரே ஒரு ஓட்டை நான் போடட்டுமா?"ன்னு கேட்டான். "நீங்க ஸ்டூலைப் பிடிங்க"ன்னுட்டார். பிடிச்சான். டுர்ர்ர், ஒரு மூலை. டுர்ர்ர், ரெண்டாவது மூலை. டுர்ர்ர், மூணாவது மூலை. சுண்ணாம்பெல்லாம் அவன் தலை மேல பொலபொலன்னு கொட்டுது. நாலாவதுக்குப் போனா, டுர்ர்... டுர்... ட்.

"ம்?"

பேட்டரி காலி. "சார்ஜ் போட்டுட்டுக் காலையில வரேன் தம்பி"ன்னு தாத்தா போயிட்டார்.

"அப்ப... நாலாவது மூலை?"

கண்ணைத் திறந்து பாரு. வலைக்கு வெளிய யாரு கயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா? வாங்கத்தான் துப்பில்ல, கொக்கியாவாவது இருப்போம்னு அவனே பிடிச்சுக்கிட்டான்.

"ம்..."

ஞொய்ய்ய்ங்... பாரு, என் கழுத்துலயே உக்காருது. அடிக்கலாம்னு கையை எடுத்தா வலை உன் மேல விழுந்துரும். கடிச்சுட்டுப் போகட்டும், உன்னைக் கடிக்கலையே, அது போதும் எனக்கு.

கோதை?... கோதைக்குட்டி?

சரி, கதைக்கும் சார்ஜ் தீந்துபோச்சு. தூங்கும்மா.