ராஜாவின் அருகம்புல் தரை

முன்னொரு காலத்தில், புல்லின்மேல் ஆசை வைத்த ஒரு ராஜா இருந்தார். கோட்டைக் கீழவாசலுக்கு வெளியே மேய்ச்சல்வெளியில் அருகம்புல் படர்ந்து கிடந்ததைப் பார்த்தவர், "பச்சைக் கம்பளம்! இனி இது நமக்கே" என்று சுற்றிலும் வேலி போட்டுவிட்டார். அங்கே ஆடு மேய்த்துவந்த வீரணக்கோனார், எண்பது செம்மறிகளோடு வேலிக்கு வெளியே நின்றார்.

இரண்டு மழைக்குப் புல் கணுக்காலைத் தாண்டியது. தோட்டக்காரர்கள் அரிவாளோடு இறங்கினார்கள். மிதித்த இடம் சாய்ந்தது, அறுத்த இடம் மொட்டையானது. ராஜாவுக்கு வந்ததே கோபம்!

"இனி இதில் மனிதக் கால் படக்கூடாது, இரும்பும் படக்கூடாது. ஆனால் எட்டே நாளில் புல் ஒரு விரற்கடை உயரத்தில் சமமாக இருக்கவேண்டும். யாரால் முடியும்?"

அரசவை விகடன் குப்பாண்டிமேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்த பிரதானி தாண்டவராயர் எழுந்தார். "மகாராஜா, குப்பாண்டியின் புத்திக்கு இது எம்மாத்திரம்? முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

"சித்தம், மகாராஜா. அந்த இரண்டைத் தவிர வேறு தடை உண்டா?" என்று கேட்டான் குப்பாண்டி.

"இல்லை."

குப்பாண்டி நேரே கோனாரிடம் போனான். அவர் வேலங்கிளையை ஒடித்து ஆடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன கோனாரே, ஆடெல்லாம் எலும்பாத் தெரியுது?"

"எங்க கொண்டு மேய்க்கச் சொல்றீய? ஒங்க ராசா புல்ல வேடிக்க பாக்குறாரு, என் ஆடு ராசாவ வேடிக்க பாக்குது. இன்னும் பத்து நாள்ல ஆட்ட வித்துட்டு ஊர விட்டுக் கெளம்ப வேண்டியதுதான்."

"நானும் கெளம்புற ஆளுதான். வாரும், ரெண்டு பேரும் இங்கேயே பொழைக்க வழி பார்ப்போம்."

எட்டாம் நாள் ராஜா பரிவாரத்தோடு வந்தார். புல் ஒட்ட மேயப்பட்டு ஒரே மட்டமாக இருந்தது. நடுவே எண்பது ஆடுகளும் நிம்மதியாகப் படுத்து அசைபோட்டன. கோனார் கம்பை ஊன்றி வேலிக்கு வெளியே நின்றார்.

"ஆணையை மீறிவிட்டான்! ராஜ நிலத்தில் ஆடுகள்!" என்று குதித்தார் பிரதானி.

"பிரதானியாரே, இதில் எது மனிதக் கால், எது இரும்புப் பல் என்று காட்டுங்கள்" என்றான் குப்பாண்டி.

ராஜா குனிந்து விரலை வைத்துப் பார்த்தார். அச்சாகச் சமம்! உதட்டைக் கடித்துக்கொண்டு, "அது சரி, இத்தனை புழுக்கைக்கு என்ன பதில்?" என்றார்.

"பதில் சொல்லவேண்டியது தாங்கள், மகாராஜா. எட்டு நாளாகத் தங்கள் நிலத்தில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டு உரமேற்றியிருக்கிறார் கோனார். கிடை போடும் இடையருக்கு நிலத்துக்காரர் சோறு போடுவது நம் நாட்டு வழக்கம். இன்னும் ஒரு வேளைகூட வந்து சேரவில்லை!"

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். வேலியில் வாசல் வைத்து ஆடுகளை என்றும் மேயவிடும்படி உத்தரவிட்டார். தம் முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டிக்குப் போட்டார். அன்று அரண்மனையில் கோனாருக்குத் தலைவாழை இலை விழுந்தது. பரிமாறியவர், ராஜாவின் உத்தரவுப்படி, பிரதானி.

"சாமி, இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்துங்க" என்று கோனார் கேட்டபோது ராஜா சிரித்த சிரிப்பு கீழவாசல்வரை கேட்டதாம்.