சைபருக்குக் கீழே ஒரு புள்ளி

காரமடையைத் தாண்டி, பாக்குத் தோப்புக்கு நடுவே ஒரு பட்டறை. பழைய கார்களின் டாஷ்போர்டு மட்டும்தான் அங்கே வேலை. எஞ்சின் கோளாறு என்று யாராவது வந்து நின்றால், "அது உடம்புங்க. நான் முகம் மட்டுந்தான் பார்ப்பேன்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவாள் மரகதவல்லி.

இந்தக் கதையில் குரு அவள்தான். வயது முப்பத்து நாலு. சீடர் ஆறுக்குட்டிக்கு அறுபத்தொன்று.

நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர் ஆறுக்குட்டி. தன் நீல பியட் காரை விட்டுவிட்டுப் போகத்தான் வந்தார். வெயில் பட்டுப் பட்டு டாஷ்போர்டின் மேல்பாகம் பொரித்த அப்பளம் மாதிரி வெடித்துக் கிடந்தது. மீட்டர்கள் மஞ்சளாகிவிட்டன. சாமானை அவள் ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய சேலை மேல் வரிசையாக வைப்பதைப் பார்த்தார். வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் சாப்பாட்டோடு வந்தார்.

"தினமும் தூக்குப்போசியோட வர்றீங்க. சீடராவே சேர்ந்துக்குங்க மாமா."

"சேர்த்துக்குவியா அம்மணி?"

"போசியில என்னன்னு சொல்லுங்க, யோசிக்கிறேன்."

"கொள்ளுப் பருப்பு."

"சேர்ந்தாச்சு."

வண்டி சீக்கிரம் தயாராக வேண்டும் என்று அவருக்கு அவசரம். அதற்குக் காரணம் இருந்தது. மகள் கோகிலவாணி, தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து அப்பாவோடு பேச்சில்லை. இவரும் பேசவில்லை. இப்போது திடீரென்று போன். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் குழந்தையோடு மேட்டுப்பாளையம் வருகிறாளாம்.

"ஸ்டேஷனுக்கு வாங்கப்பா. உங்க முகத்தைப் பார்த்துட்டுத்தான் உங்க வண்டியில ஏறுறதா, அங்கயே என் சிநேகிதி வீட்டுக்குப் போயிடறதான்னு முடிவு பண்ணுவேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பெண்சாதி உயிரோடு இருந்திருந்தால் அவளை அனுப்பியிருப்பார். இப்போது இருப்பது இந்த ஒரு முகம்தான்.

வண்டியின் முகம் வாணி கடைசியாகப் பார்த்த நாளில் இருந்த மாதிரியே ஆகிவிட வேண்டும். தன் முகத்திலோ எதுவுமே இருக்கக் கூடாது. கோபமும் கூடாது, அழுகையும் கூடாது. ராத்திரியெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருந்தவர் ஒத்துழைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஸ்பீடாமீட்டர் கழன்று மேசைக்கு வந்தது. ஆறுக்குட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க மாமா."

"இந்த முள்ளு சைபர்ல சும்மா நிக்குது பாரு. மனசை அந்த மாதிரி நிறுத்தறது எப்படி?"

மரகதவல்லி மீட்டரின் கண்ணாடியைக் கழற்றி, ஊதித் தூசியைப் போக்கினாள்.

"சும்மா நிக்குதுன்னு யாருங்க சொன்னது?"

சைபர் அருகே, குண்டூசித் தலை அளவில் ஒரு ஆணி இருந்தது. முள் அதில்தான் சாய்ந்து நின்றது. அவள் நகத்தால் முள்ளைத் தூக்கி ஆணியைத் தாண்டி விட்டாள். எப்போது விடுவார்கள் என்று காத்திருந்தது போல முள் கீழே இறங்கி, ஆடி, எண் எதுவும் இல்லாத கறுப்பில் போய் நின்றது.

"இதுதான் இதோட ஊடு" என்றாள். "ஒவ்வொரு முள்ளுக்கும் ஒவ்வொரு இடம்."

அந்த இடத்தில் வெள்ளைப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். பிறகு இரண்டு டீஸ்பூனை அடியில் கொடுத்து நெம்பி, முள்ளைத் தனியே எடுத்தாள். இட்லியை எடுப்பது போல அவ்வளவு பதமாக.

"நான் கோயமுத்தூர் போயி ரெக்சின் வாங்கிட்டு வர்றேன். நீங்க தொடச்சு வைங்க மாமா."

அவள் போனதும் தோப்பு அமைதியாகிவிட்டது. பாக்கு மரங்களின் நிழல் மேசை மேல் நகர்ந்தபடி இருந்தது. ஆறுக்குட்டி பஞ்சை நனைத்து மெல்ல மெல்லத் துடைத்தார். மஞ்சள் விலக விலகக் கறுப்பு தெளிந்தது. அதில் எண்கள் ஒவ்வொன்றாக, குளத்தில் விளக்கு மிதந்து வருகிற மாதிரி வந்தன. இருபது. நாற்பது. அறுபது. எங்கேயோ ஒரு செம்போத்து கூவியது. தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று அவருக்கே தெரியவில்லை.

எல்லாம் சுத்தமான பிறகு, அடியில் ஒரு வெள்ளைக் கறை மட்டும் மீதி இருந்தது.

மில்லில், நூலில் ஒரு பொட்டுக் கறை கண்டாலும் அது சுற்றிய மொத்தக் கோனையும் ஒதுக்கி வைத்தவர் அவர். கை தானாகப் போனது. துடைத்தார்.

முள்ளை எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, சைபருக்கு நேராக, ஆணியைத் தொட்டும் தொடாமலும் வைத்து அழுத்தினார். மயிரிழை பிசகவில்லை. கண்ணாடியையும் மூடிவிட்டார்.

சாயங்காலம் வந்த மரகதவல்லி குனிந்து பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்குங்க மாமா."

"சைபர்ல நிக்குதா?"

"அச்சு அசல். மாட்டிட்டு ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க."

போனவர் சீக்கிரமே திரும்பி வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அம்மணி, மொபெட்டுல வாழைத்தார் கட்டிக்கிட்டுப் போறவன் என்னைத் தாண்டிப் போறான். இது என்னடான்னா அறுபதுங்குது!"

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"புள்ளியத் தொடச்சுட்டீங்களா?"

அவர் விழித்தார். பிறகுதான் உறைத்தது.

"கறைன்னு நெனச்சேன்."

"முள்ளைப் புள்ளியில மாட்டணும்ங்க. சைபர்ல மாட்டினா நிக்கும்போது நிஜம். ஓடுனாப் பொய்" என்றாள் அவள்.

"எங்க இருந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்குமில்ல?"

"எனக்கெப்படிங்க இருக்கும்? முள்ளைத்தான் கேக்கணும்."

"நாளன்னிக்கு ரயில் வருதே அம்மணி."

"நாளைக்கு விடியறப்ப வாங்க. தேடிட்டு வரலாம்."

சனிக்கிழமை விடியற்காலை மலையிலிருந்து பனி இறங்கி ரோட்டை மூடியிருந்தது. ஆறுக்குட்டி ஓட்டினார். மரகதவல்லி பக்கத்தில் உட்கார்ந்து, திருகு போடாத மீட்டரைக் கேபிளோடு வெளியே இழுத்துக் கையில் பிடித்திருந்தாள். கண்ணாடியும் இல்லை, முள்ளும் இல்லை. முள் அவள் விரல் நுனியில் இருந்தது.

"நாப்பதுல ஓட்டுங்க மாமா."

"முள்ளில்லாம நாப்பதுன்னு எப்படித் தெரியும்?"

"உங்க வண்டிதானே."

வண்டி மெல்ல வேகம் எடுத்தது. பனிக்குள் ரோடு ஓடுகிறதா, தோப்புதான் எழுந்து நடக்கிறதா என்று தெரியவில்லை. முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை. எஞ்சின் சத்தம் ஒன்றுதான் நிஜமாக இருந்தது. அது முதலில் முனகியது, பிறகு கரகரத்தது, பிறகு ஒரு சுருதியைத் தேடிக்கொண்டு மேலே ஏறியது.

"வாணிக்கு இதுலதான் ஓட்டப் பழக்கினேன்" என்றார். "நாப்பதைத் தாண்ட விட்டதே இல்ல. ஒரு இழை தாண்டினாலும் கத்துவேன். பயந்துக்கிட்டு நான்தான் கண்ணை மூடிக்குவேன்."

பனியில் எதுவும் தெரியாததால், ஸ்டியரிங்கில் இருப்பது தன் கைதானா என்று அவருக்கு ஒரு நொடி சந்தேகம் வந்தது. இடது சீட்டில் தான் உட்கார்ந்திருப்பது போலவும், வலது பக்கம் இரட்டை ஜடை போட்ட ஒருத்தி ஓட்டுவது போலவும் இருந்தது. 'அப்பா, கண்ணைத் தொறங்க. நாப்பதுதான் போறேன்.' சத்தம் அந்தச் சுருதிக்கு வந்து, அப்படியே நின்றது.

"இப்ப" என்றார்.

மரகதவல்லி முள்ளை நாற்பதில் வைத்து அழுத்தினாள். மடியில் இருந்த போன் காட்டிய வேகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதைப் பைக்குள் போட்டாள்.

"போன் என்ன சொல்லுது அம்மணி?"

"உங்க காது சொன்னதையே சொல்லுது."

ஓரமாக ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். வேகம் குறையக் குறைய முள் இறங்கி வந்து, டிக்கென்று ஆணியில் தட்டி நின்றது. அவள் அதை நகத்தால் தூக்கி ஆணியைத் தாண்டி விட்டாள். முள் கறுப்புக்குள் இறங்கி, ஆடி, தன் இடத்தைப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு புள்ளி வைத்தாள். மறுபடி தூக்கி ஆணிக்கு இந்தப் பக்கம் விட்டாள்.

"இப்ப எங்க நிக்குதுங்க மாமா?"

"சைபர்ல."

"நேத்து?"

"நேத்தும் சைபர்லதான்."

"தொட்டுப் பாருங்க."

அவர் விரல் நுனியை வைத்தார். பார்வைக்கு அசையாமல் இருந்த முள், ஆணியை அழுத்திக்கொண்டு இருந்தது. பலமாக இல்லை. சாத்திய கதவில் நெற்றியை வைத்து நிற்கிற குழந்தை மாதிரி, விடாமல்.

"தள்ளுது அம்மணி."

"ஆமாங்க."

அவர் விரலை எடுக்கவில்லை. இலைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பனித் தண்ணீர் கார் மேல் விழுந்தது.

அன்றைக்கே புது ரெக்சின் ஒட்டி, மீட்டர் வளையங்களைத் துலக்கி, மீட்டரின் கண்ணாடி தவிர எல்லாம் மாட்டியாயிற்று. கண்ணாடியை மூடும் முன் ஆறுக்குட்டி குனிந்து பார்த்தார். வெள்ளைப் புள்ளி அங்கேயே இருந்தது. பஞ்சு அவர் கையில்தான் இருந்தது. கீழே வைத்துவிட்டார். கண்ணாடியை மூடியதும் புள்ளி வளையத்தின் விளிம்புக்கு அடியில் மறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்டேஷனிலிருந்து ஆறுக்குட்டி வீட்டுக்குப் போகிற வழி பட்டறையைத் தாண்டித்தான். மரகதவல்லி வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தாள். பாக்குத் தோப்பு வளைவில் அந்தச் சத்தம் கேட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, ஒரே சுருதி.

நீல பியட் வந்து நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண். இடது சீட்டில் ஆறுக்குட்டி, மடியில் ஒரு பெண் குழந்தை. குழந்தையின் கையில் அவருடைய மூக்குக்கண்ணாடி.

குழந்தையைச் சீட்டில் உட்கார வைத்துவிட்டு இறங்கி வந்தார். கண் இரண்டும் வீங்கி, மூக்கு சிவந்து, சட்டைக் காலர் நனைந்து கிடந்தது.

"கெடுத்துட்டேன் அம்மணி. எல்லாத்தையும் கெடுத்துட்டேன். ரயில் நிக்கறதுக்குள்ளயே அழுதுட்டேன். போர்ட்டரெல்லாம் வேடிக்கை பாக்கறாங்க."

"அழுகையோட விட்டாருங்களா?" வாணி கார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "நடுப் பிளாட்பாரத்துல திட்டவும் செஞ்சாருங்க. ஏன் இப்படி எளைச்சுப் போனே, உனக்குக் கை இல்லையா, சாப்பிடத் தெரியாதான்னு."

"எளைச்சுத்தான் போயிருக்கா!"

"பாருங்க, இன்னும் நிறுத்தலை. நீங்க இந்தக் கண்ணோட ஓட்டினா ஊர் போய்ச் சேர மாட்டோம்னு சாவிய நான் புடுங்கிக்கிட்டேன்."

குழந்தை மூக்குக்கண்ணாடியைக் கடித்தது. வாணி அதைப் பிடுங்கி, தன் முந்தானையில் துடைத்து, டாஷ்போர்டின் புது ரெக்சின் மேல் வைத்தாள். பிறகு மீட்டரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆறுக்குட்டி குருவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணுமே இல்லாத முகத்தோட நிக்கணும்னுதான் அம்மணி போனேன். ஒரு நிமிஷம் நிக்கல. முகத்தைப் பார்த்து முடிவு பண்றேன்னு சொன்னவ, இந்த முகத்தைப் பார்த்து எப்படி ஏறினா?"

அவருடைய கன்னத்தில் இன்னும் ஈரம் இருந்தது. மரகதவல்லி அதைப் பார்த்தாள்.

"இந்தத் தடவை நீங்க எதையும் தொடைக்கலீங்களே மாமா."